முதல் அடி யார் மேல் விழுகிறது?

2025 ஜனவரி 16 அதிகாலை. மும்பை பாந்த்ரா மேற்கில் உள்ள 12 மாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறி வந்த ஒருவர், நடிகர் சைஃப் அலி கானைக் கத்தியால் குத்தினார். உடம்பில் ஆறு காயங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கத்தித் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. லீலாவதி மருத்துவமனைக்கு அவர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தார். நாடு முழுவதும் அதைப் பற்றியே பேச்சு. ஆனால், அந்நியரை அன்று முதலில் கண்டவர், அவரை முதலில் எதிர்கொண்டவர், முதலில் காயம்பட்டவர் மூவரும் ஒரே ஆள்: நடிகரின் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண்.

அந்தக் கட்டடத்துக்குக் காவலாளிகள் உண்டு. சம்பவ நேரத்தில் அவர்கள் தூங்கிவிட்டதாகப் போலீஸ் சொன்னது. கேமராவும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு அந்த ஆள் ஆறாவது மாடிப் படிக்கட்டில் இறங்கிப் போவதை அது பதிவு செய்து வைத்திருந்தது. பிறகு வழக்கமானது நடந்தது: கூடுதல் கேமரா, புதிய பாதுகாப்பு நிறுவனம், தொலைக்காட்சி விவாதம்.

பெரிய வீடுகளின் பாதுகாப்பு என்றால் நாம் சுவரின் உயரத்தையும் கருவியின் விலையையும் பேசுகிறோம். திருடனுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் நிற்கும் மனிதரைப் பேசுவதில்லை. அவருக்குப் போதிய தூக்கம் கிடைக்கிறதா, சம்பளம் கட்டுப்படியாகிறதா, பயிற்சி உண்டா, ஒருவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம் உண்டா? கோடி ரூபாய் வீடானாலும் அதன் காவல் இந்த நான்கு கேள்விகளுக்கான பதில் அளவுக்குத்தான் பலமானது.

கோடநாடும் பாரீஸும்

நீலகிரி மாவட்டம் கோடநாட்டில் ஜெயலலிதாவுக்கு இருந்த எஸ்டேட் சுமார் 900 ஏக்கர். அவர் முதல்வராக இருந்த காலத்தில் அங்கே போலீஸ் காவலைத் தாண்டி யாரும் எளிதில் நுழைய முடியாது. 2016 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 2017 ஏப்ரல் 23 நள்ளிரவில் ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. காவலுக்கு இருந்த நேபாளத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். இன்னொருவர் காயத்தோடு தப்பினார். பங்களாவிலிருந்து என்ன போயிற்று என்ற கேள்வி இத்தனை ஆண்டுகளாக அரசியல் மேடைகளிலும் சட்டமன்றத்திலும் கேட்கிறது. அத்தனை பெரிய மலைத்தோட்டத்தின் இருட்டில் அந்தக் காவலாளிகள் யாரை நம்பி, எதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள் என்பது அநேகமாகக் கேட்கப்படாத கேள்வி.

பணமும் புகழும் மிகுந்த மேல்நாட்டிலும் நிலைமை வேறல்ல. 2016 அக்டோபர் 3 அதிகாலை, பாரீஸில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தங்கியிருந்த விடுதிக்குள் போலீஸ் உடையில் கொள்ளையர் நுழைந்தார்கள். வரவேற்பறையில் இரவுப் பணியில் இருந்தவருக்குக் கைவிலங்கு மாட்டி, துப்பாக்கி முனையில் மாடிக்கு நடத்திச் சென்று, அவரைக் கொண்டே உள்ளே போனார்கள். கர்தாஷியனின் மெய்க்காப்பாளர் அந்த நேரத்தில் அவருடைய சகோதரியோடு வெளியே போயிருந்தார். சுமார் ஒரு கோடி டாலர் மதிப்புள்ள நகைகள் பறிபோயின. 2025 மே மாதம் பாரீஸ் நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. கோடிகளுக்கு மெய்க்காப்பாளர் இருந்தார். வாசலில் இருந்த ஊழியருக்கு எந்தக் காப்பும் இல்லை. கொள்ளையர் தேர்ந்தெடுத்ததும் அந்த வாசலைத்தான்.

மும்பையில் பணிப்பெண், கோடநாட்டில் காவலாளி, பாரீஸில் வரவேற்பாளர். வசதியான வீட்டைக் குறிவைத்து வரும் அடி முதலில் வசதியில்லாதவர் மேல் விழுகிறது. வீட்டின் பாதுகாப்புத் திட்டத்தில் அவருடைய பாதுகாப்பு ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை.

வெளியே போகும் செய்தி

சுவரேறி வருபவர்களைவிட, வாசல் வழியாகவே வரும் ஆபத்து பெரியது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி டெல்லி சஃப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்து அலுவலகத்துக்கு நடந்தபோது சுட்டவர்கள் அவருடைய காவலர்கள் இருவர். அதன் பிறகுதான் 1985இல் சிறப்புப் பாதுகாப்புப் படை பிறந்தது. 2021 பிப்ரவரி 25 அன்று மும்பையில் முகேஷ் அம்பானியின் ஆன்டிலியா வீட்டருகே ஜெலட்டின் குச்சிகளோடு ஒரு ஸ்கார்பியோ கார் நின்றது. அந்த வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தவர்களில் முக்கியமானவர், மும்பைக் குற்றப்பிரிவில் பணியாற்றிய காவல் அதிகாரி ஒருவர். நாட்டிலேயே கனத்த காவலுள்ள வீடுகளில் ஒன்றுக்கு வந்த மிரட்டலில் காக்கிச் சட்டைக்காரர் மீதே குற்றச்சாட்டு.

நம் ஊரிலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2022 மே மாதம் அமெரிக்காவிலிருந்து திரும்பிய மயிலாப்பூர் முதிய தம்பதி, விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில் கொல்லப்பட்டார்கள். கைதானவர்களில் ஒருவர் அவர்களுடைய கார் ஓட்டுநர். சொத்து விற்ற பெரும் பணம் வீட்டில் இருப்பதாக அவர் காதில் விழுந்த பேச்சுதான் தூண்டுதல் என்றது போலீஸ் தரப்பு. பணம் கிடைக்கவில்லை, ஆனால் போலீஸ் மீட்ட நகை சுமார் ஆயிரம் சவரன். இந்த வழக்கு சில மணி நேரத்தில் துலங்கியதற்குக் காரணம், பெற்றோரின் தொலைபேசி அணைந்திருப்பதைக் கண்டு அமெரிக்காவில் இருந்த பிள்ளைகள் பதறி, இங்கிருந்த உறவினரை வீட்டுக்கு அனுப்பியது. தப்பியவர்கள் ஆந்திராவின் ஓங்கோல் அருகே பிடிபட்டார்கள்.

2023இல் திரைப்பட இயக்குநர் ஐஸ்வர்யா ரஜினிகாந்த் வீட்டு லாக்கரிலிருந்து நகை காணாமல்போன வழக்கு இன்னொரு பாடம். 2019இல் தங்கையின் திருமணத்துக்கு அணிந்த பிறகு லாக்கரில் வைத்த நகைகள் அவை. லாக்கர் இடையில் வீடுவீடாக மாறியது. சாவி பீரோவில் இருந்தது. பல ஆண்டுகள் வேலை பார்த்த பணிப்பெண்ணும் ஓட்டுநரும் கைதானார்கள். புகாரில் சொன்னது 60 சவரன். போலீஸ் மீட்டதாகச் சொன்னதோ சுமார் 100 சவரன். தொலைந்தது எவ்வளவு என்பதே வீட்டுக்குத் தெரியாத அளவுக்குப் பொருள் சேர்ந்திருந்தது. கதவைப் பூட்டியவர்கள் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை.

இரண்டு வழக்குகளிலும் சுவர் உடையவில்லை. வீட்டுச் செய்தி கசிந்தது. பணம் எப்போது வருகிறது, சாவி எங்கே, குடும்பம் எந்த நாளில் ஊரில் இல்லை என்பவைதான் கொள்ளையருக்கு மூலதனம். இன்று அதை நாமே ஊருக்கு அறிவிக்கிறோம். விமான நிலையத்திலிருந்து படம், வெளிநாட்டிலிருந்து காணொளி, புது வீட்டின் ஒவ்வோர் அறையையும் சுற்றிக் காட்டும் ‘ஹோம் டூர்’. 2024இல் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் பேட்ரிக் மஹோம்ஸ், டிராவிஸ் கெல்சி, ஜோ பர்ரோ ஆகியோரின் வீடுகள் அடுத்தடுத்துக் கொள்ளை போயின. பர்ரோ அந்நேரம் வெளியூர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்ட அட்டவணைதான் கொள்ளையருக்கு நேர அட்டவணை.

சந்தேகம் காவல் ஆகாது

இதையெல்லாம் படித்ததும் “பார்த்தீர்களா, வேலைக்காரர்களை நம்பவே கூடாது” என்ற முடிவுக்கு வருவது எளிது. தவறும் அங்கேதான் தொடங்குகிறது. 2008 மே மாதம் டெல்லியை அடுத்த நொய்டாவில் பல் மருத்துவத் தம்பதியின் 13 வயது மகள் வீட்டுக்குள்ளேயே கொலையுண்டாள். வீட்டில் தங்கி வேலை செய்தவரைக் காணவில்லை. அவர்தான் கொலையாளி என்று போலீஸ் தேடத் தொடங்கியது. செய்திகளும் அப்படியே வந்தன. மறுநாள் அதே வீட்டு மொட்டைமாடியில் அவருடைய உடல் கிடந்தது. முதலில் கைகாட்டப்பட்டவர் கொலையுண்டவர். பூட்டியிருந்த மாடிக் கதவைத் திறந்து பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

பெரிய வீடுகளில் ஒரு மோதிரம் காணவில்லை என்றால் முதலில் சோதிக்கப்படுவது வேலை செய்பவரின் பைதான். அப்படிச் சோதிக்கப்பட்டவர் மறுநாள் வாசலில் சந்தேகத்துக்குரிய ஆள் நின்றால் ஓடி வந்து சொல்வாரா? ‘நமக்கெதற்கு வம்பு’ என்று இருந்துவிடுவார். வீட்டைக் காக்கும் முதல் கண் அப்படித்தான் மூடிக்கொள்கிறது. சந்தேகப்படுவது காவல் என்று நினைப்பவர்கள் இழப்பது இதைத்தான்.

“நல்ல சம்பளம் கொடுத்தால் விசுவாசம் வந்துவிடுமா? பல ஆண்டு வேலை பார்த்தவர்கள் மீதே வழக்கு இருக்கிறதே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பளம் விசுவாசத்தை வாங்காது. விழிப்பை வாங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறாமல் தடுக்கும், தெருவில் யார் புதியவர் என்று தெரிந்த ஒருவரை வாசலில் நிலைநிறுத்தும். எஞ்சியதைக் கணக்கு பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு நம்பினாலும் நகைப் பட்டியல் எழுதி வைப்பதும், சாவியை ஒருவரிடமே விடாமல் இருப்பதும், ஆண்டுக்கு இருமுறை சரிபார்ப்பதும் யாரையும் அவமதிப்பதாகாது. கணக்கு சரியாக இருந்தால் வீண்பழியிலிருந்து வேலை செய்பவரும் தப்புவார்.

கேமராவுக்குக் கை இல்லை

சென்னையில் கேமரா இல்லாத தெரு இன்று அரிது. குற்றவாளியைப் பிடிக்க அது பெரிதும் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பெரும்பாலும் நடந்த பிறகு பேசும் சாட்சி. யாராவது அதன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, உடனே ஒருவர் எழுந்து போனால்தான் அது காவலாகிறது. பூட்டிய வீட்டில் கொள்ளையடிப்பவர்கள் போகும்போது பதிவுப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போவது நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன செய்தி.

கேமராவே ஆபத்தாகவும் மாறும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அமெரிக்காவின் முக்கிய இணையதளங்களை முடக்கியது. வீட்டுக் கேமரா விற்கும் ‘ரிங்’ நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுக் காட்சிகளைப் பார்க்க வழி இருந்தது என்று 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. அந்த நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2025இல் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. வீட்டைப் பார்க்க வைத்த கண் வழியாக வேறொருவர் வீட்டைப் பார்க்கலாம். வசதியான வீடுகளில் கேமரா மாட்டிய ஆளின் கைபேசியிலேயே கடவுச்சொல் இன்னும் இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேமரா எங்கே இருக்கக்கூடாது என்பதும் பாதுகாப்புக் கேள்விதான். உடன் குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா இயக்குவது அந்தரங்க உரிமையைப் பறிப்பது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. சகோதரர்களுக்கு இடையிலான வழக்கு அது. வீட்டோடு தங்கி வேலை செய்பவரின் படுக்கை அறைக்கும் அந்த நியாயம் பொருந்த வேண்டும்.

பங்கு போயிற்று, பொறுப்பு மிச்சம்

தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்த 2005இல் மத்தியச் சட்டம் வந்தது. முகமைக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். காவலாளியின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். வயது 18 முதல் 65க்குள் இருக்க வேண்டும். மாதிரி விதிகளின்படி 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாட்களில், கட்டாயம். தாளில் இருக்கும் இந்த 160 மணி நேரத்தை, நம் குடியிருப்பு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கடந்து வந்திருக்கிறாரா? அவருக்குச் சீருடையும் விசிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்து மறுநாளே உட்கார வைத்திருப்பார்கள் என்பதே ஊரறிந்த நடைமுறை. வீட்டுக்காரர் நேரடியாக அமர்த்திக்கொள்ளும் வாட்ச்மேன் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரமாட்டார். சட்டம் முகமைகளுக்குத்தான்.

பெரும்பாலான இடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாற்று ஆள் வராவிட்டால் இருபத்து நான்கு. இடையில் கார் கழுவுதல், செடிக்குத் தண்ணீர், மோட்டார் போடுதல், கூரியர் வாங்குதல். அதிகாலை இரண்டரை மணிக்கு அவர் கண் அயர்ந்தால், அது அவருடைய குற்றமா, அந்த ஷிப்டை வகுத்தவரின் குற்றமா?

தென்தமிழகத்தில் ஒரு காலத்தில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊரைக் காக்கும் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. திருட்டுப் போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு கட்டுவதோ அவர் பொறுப்பு. அந்த முறையில் மிரட்டிப் பணம் பறிக்கும் கொடுமையும் இருந்தது. 1890களில் மதுரை வட்டாரத்தில் காவலுக்கு எதிராக ஊர்கள் திரண்டன. வெள்ளையர் அரசும் அதை ஒடுக்கியது. அந்த முறையை மீட்க யாரும் விரும்பப்போவதில்லை. ஆனால் அதில் பங்கும் பொறுப்பும் சேர்ந்தே இருந்தன. இன்றைய வாட்ச்மேனுக்குப் பங்கு போய்விட்டது, பொறுப்பு மட்டும் மிச்சம். வீட்டில் எது நடந்தாலும் முதல் விசாரணை அவரிடம். வீட்டு மதிப்பு இரட்டித்தாலும் அவர் சம்பளம் நகராது.

என்ன செய்யலாம்?

வீட்டுக்காரர்களுக்கு முதல் ஆலோசனை: திருடத் தகுந்ததை வீட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். வங்கி லாக்கரும் முழுக் காப்பு அல்ல. தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனால் நகைக்குத் தனிக் காப்பீடும் பட்டியலும் படங்களும் தேவை. ஆனாலும் ஆயிரம் சவரன் பீரோவில் இருப்பதைவிட வங்கி லாக்கர் மேல். நகையில்லாத பீரோவுக்காக யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை, வாசலில் நிற்பவரும்தான்.

இரண்டாவது, காவலாளிக்கு ‘இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் கொடுங்கள். உறவினர் கார், கட்சிக்காரர் கார், ‘ஐயா வரச் சொன்னார்’ என்று வருபவர் யாரானாலும் உள்ளே கேட்டுத்தான் கதவு திறக்கும் என்ற விதி இருக்க வேண்டும். அப்படி நிறுத்தியதற்காக அவரைத் திட்டினால் அன்றோடு அந்த விதி செத்தது. பாரீஸில் போலீஸ் உடைக்குக் கதவு திறந்ததை நினைவில் கொள்ளுங்கள். சீருடையில் வந்தாலும் 100க்கோ 112க்கோ அழைத்து உறுதி செய்ய அவருக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, முன்வாசலைவிடப் பின்பக்கத்தைப் பாருங்கள். பணியாளர் படிக்கட்டு, குழாய்கள் ஏறும் இடைவெளி, ஏசி பெட்டி வைக்கும் திட்டு, மொட்டைமாடிக் கதவு. மும்பையில் வந்தவர் அலங்கார வாசல் வழியாக வரவில்லை.

நான்காவது, அசம்பாவிதம் நடந்த முதல் ஐந்து நிமிடத்தை முன்கூட்டியே யோசியுங்கள். இந்திரா காந்தி சுடப்பட்டபோது பிரதமர் வீட்டில் ஆம்புலன்ஸ் தயாராக இல்லை. அம்பாசிடர் காரில் எய்ம்ஸுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு நட்சத்திர நடிகர் ஆட்டோவில் போனார். இரவில் கார் ஓட்டத் தெரிந்தவர் யார், அருகில் எந்த மருத்துவமனை, குழந்தைகளையும் பணியாளர்களையும் எந்த அறையில் சேர்த்துத் தாழிடுவது என்பதெல்லாம் ஒரு மாலை நேரத்தில் பேசி முடிக்கக்கூடியவை. அந்தப் பேச்சில் சமையல் செய்பவரும் ஓட்டுநரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தன் வீட்டிலேயே கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலைகளில் லாரியில் வந்து ஒதுக்குப்புற வீடுகளைத் தாக்கிய வடமாநிலக் கும்பல் அது. அதை முறியடித்தது எந்த வீட்டின் சுவரும் இல்லை. கைரேகை ஒப்பீடும், எஸ்.ஆர்.ஜாங்கிட் தலைமையிலான தனிப்படையினர் மாநிலம் மாநிலமாக அலைந்ததும்தான். ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். பணக்காரர் வீடும் கடைசியில் பொதுக் காவல்துறையின் பலத்தில்தான் நிற்கிறது. எனவே அரசியல்வாதி வீட்டு வாசலில் காலம் தள்ளும் காவலர்களை நிலையத்துக்கும் ரோந்துக்கும் திருப்புவது எல்லா வீடுகளுக்கும் நல்லது. உண்மையான அச்சுறுத்தல் உள்ளவர்களுக்குக் காவல் தரட்டும். கட்ட முடிந்தவர்களிடம் செலவை வாங்கட்டும். அம்பானி குடும்பத்துக்கான இசட் பிளஸ் காவலின் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டதே முன்மாதிரி.

முகமைகளின் பயிற்சிச் சான்றுகளைத் தொழிலாளர் துறையும் காவல்துறையும் சேர்ந்து வாசலிலேயே வந்து சோதிக்க வேண்டும். நேரடியாக அமர்த்தப்படும் காவலாளிகளையும் சட்ட வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. அவர்களுக்கெனத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. அந்தச் சட்டம் வரும்போது, பணியிடத்தில் தாக்கப்பட்டால் இழப்பீடும் சிகிச்சையும் உரிமையாக எழுதப்பட வேண்டும். வேலை செய்பவரின் பின்னணியைக் காவல் நிலையத்தில் பதியச் சொல்கிறோம்; வேலை கொடுப்பவர் ஒப்பந்தத்தையும் வேலை நேரத்தையும் பதியட்டுமே.

இதற்கெல்லாம் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் புதிய கேமராவுக்குத் தீர்மானம் வரும்போது, கூடவே இன்னொரு தீர்மானமும் வரட்டும்: இரண்டு பேர் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கும் காவலை இனி மூன்று பேர் எட்டு மணி நேரம் பார்ப்பார்கள்; மூவருக்கும் காப்பீடு உண்டு. ஒரு ஆள் சம்பளமும் காப்பீட்டுக் கட்டணமும்தான் கூடுதல் செலவு. பல கோடி ரூபாய் வீட்டில் அந்தத் தொகைக்கு மனம் வரவில்லை என்றால், அங்கே பற்றாக்குறை பணத்துக்கு இல்லை.